‘கடைசி 200-ல் ஒன்று’ என்று விற்ற கேடிலாக்

கேள்வி: நியூ ஜெர்சியில் இருக்கிறேன். போன மாதம் பென்சில்வேனியாவில் ஒரு பெரியவரிடம் 1976 கேடிலாக் எல்டொராடோ கன்வர்ட்டிபிள் ஒன்றை 27,000 டாலருக்கு வாங்கினேன். “31,000 மைல்தான் ஓடியிருக்கிறது, கடைசி 200-ல் ஒன்று, புத்தம் புதுசு மாதிரி” என்றார். வீட்டுக்குள் அழைத்துக் காபி கொடுத்து, “நீ என் மகன் மாதிரி” என்று உருகினார். கொண்டு வந்து பார்த்தால், பானட்டில் இருக்கும் சிவப்பு, நீலக் கோடுகள் பிற்பாடு ஒட்டிய ஸ்டிக்கர். மடக்குக் கூரை பாதியில் நின்றுவிடுகிறது. அடுத்த வாரம் பெயின்ட்டுக்கும் கூரை வேலைக்கும் விடப்போகிறேன். கேஸ் போட்டு அந்தச் செலவையும் சேர்த்து வாங்க முடியுமா?

பதில்: முதலில் அடுத்த வார வேலையை நிறுத்துங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

காபியும் “மகன் மாதிரி”யும் கோர்ட்டில் ஒரு டாலர் பெறாது. “புத்தம் புதுசு மாதிரி” என்பதும் அந்தக் கணக்குதான். விற்கிறவர் தன் பொருளைப் புகழத்தான் செய்வார். கூரை பற்றியும் பேச்சில்லை: அவர் வியாபாரி அல்ல, தனி ஆள். நீங்களோ ‘உள்ளது உள்ளபடி’ என்று எழுதிய பில்லில் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்.

மைல் கணக்கைப் பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள். அந்தக் காலத்து ஓடோமீட்டரில் மைலுக்கு ஐந்து இலக்கம்தான். 99,999-ஐத் தாண்டினால் மறுபடி பூஜ்யம். உங்கள் 31,000 என்பது 1,31,000 ஆகவும் இருக்கலாம். பெரியவருக்கே தெரியாமலும் இருக்கலாம். ஓடோமீட்டர் மோசடிக்கான மத்தியச் சட்டத்தில் நஷ்ட ஈடு கேட்க வேண்டுமானால், ஏமாற்றும் உள்நோக்கத்தை நீங்கள் நிரூபிக்க வேண்டும். எதை வைத்து?

உங்களிடம் உருப்படியாக இருப்பது ஒன்றே ஒன்று. நீங்கள் அனுப்பிய பில் படத்தில், அவர் கைப்பட, ‘1976 எல்டொராடோ, கடைசி 200-ல் ஒன்று’ என்று இருக்கிறது. இது புகழ்ச்சி அல்ல, பொருளின் விவரணை. யூனிஃபார்ம் கமர்ஷியல் கோடு என்கிற, மாநிலங்கள் ஏற்ற பொதுவான வணிகச் சட்டத்தின் 2-313-ம் பிரிவின்படி இது எழுத்தில் தந்த உத்தரவாதம். பக்கத்திலேயே ‘உள்ளது உள்ளபடி’ என்று எழுதி இதை அழித்துவிட முடியாது. அவர் வேண்டுமென்றே ஏமாற்றினாரா, தெரியாமல் எழுதினாரா என்ற கேள்வியும் இதில் எழாது.

அந்த ஒரு வரிக்கு விலை இருக்கிறது. 1976-ல் இந்தக் கன்வர்ட்டிபிள்கள் 14,000 வந்தன. அவற்றில் கடைசி 200 மட்டும் வெள்ளை நிறத்தில், பானட்டில் சிவப்பு, நீலக் கோடுகளோடு கம்பெனியிலிருந்தே வந்தவை. அமெரிக்காவின் கடைசி கன்வர்ட்டிபிள் என்று நம்பிப் பலர் வாங்கிப் போர்த்தி வைத்தார்கள். 1984-ல் கேடிலாக்கே மறுபடி ஒன்றை விட, கொதித்துப்போய் வழக்குப் போட்டவர்களும் உண்டு. ஆகவே பளபளவென்று இருக்கும் ’76 எல்டொராடோ அபூர்வமில்லை. அந்த வெள்ளை 200-தான் அபூர்வம்.

இப்போது பெயின்ட் விஷயத்துக்கு வருகிறேன். முன்பு ஒருவர் 1978 லிங்கன் ஒன்றை வாங்கிவிட்டு எட்டு மாதம் கழித்து என்னிடம் வந்தார். அதற்குள் வினைல் கூரை, சீட், கார்புரேட்டர் எல்லாம் புதுசு; பழையவை குப்பைக்குப் போய்விட்டன. கையில் தடிமனான ரசீது ஃபைல். அதுதான் தன் பலம் என்று நினைத்திருந்தார். எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டது ஒரே கேள்வி: “பழுது என்கிறீர்களே, அந்தப் பொருள் எங்கே?” விற்றவருக்கு அதுவரை ஒரு வரிகூட இவர் எழுதியிருக்கவில்லை. குறை தெரிந்தபின் நியாயமான காலத்துக்குள் தகவல் சொல்லாவிட்டால் எந்தப் பரிகாரமும் கிடையாது என்கிறது அதே சட்டத்தின் 2-607-ம் பிரிவு. வண்டியின் நிலை பெரிதாக மாறிவிட்டால் திருப்பிக் கொடுக்கும் உரிமை போய்விடும் என்கிறது 2-608. அந்த ரசீதுகளே இரண்டு கதவையும் சாத்தின.

நீங்களும் அதே வழியில்தான் போகிறீர்கள். ஸ்டிக்கரை உரித்துப் பெயின்ட் அடித்தால் சாட்சியை நீங்களே அழித்ததாகும். அந்தச் செலவும் கிடைக்காது. எத்தனை பெயின்ட் அடித்தாலும் வண்டி 200-ல் ஒன்றாகிவிடாதே! நஷ்டம் என்பது, சொன்ன வண்டியின் மதிப்புக்கும் வந்த வண்டியின் மதிப்புக்கும் உள்ள வித்தியாசம்தான்.

பானட்டைத் திறந்தால் ஃபயர்வாலில், அதாவது இன்ஜினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவே இருக்கும் தடுப்பில், ஒரு சின்னத் தகடு இருக்கும். அதில் பெயின்ட், சீட் துணிக்கான குறியீடுகள் உண்டு. அதையும் கோடுகளையும் கிட்டத்தில் படம் எடுங்கள். பழைய கார் தெரிந்த மதிப்பீட்டாளரிடம் மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள். இன்றே பெரியவருக்கு மெயிலிலும் பதிவுத் தபாலிலும் நாலு வரி எழுதுங்கள்: பில்லில் இப்படி இருக்கிறது, வண்டி அப்படி இல்லை, திருப்பி எடுத்துக்கொள்கிறீர்களா அல்லது வித்தியாசத்தைத் தருகிறீர்களா? திட்ட வேண்டாம். கிரிமினல் கேஸ் என்று மிரட்டவே வேண்டாம். கடிதம் போட்ட பிறகு, வண்டியைக் கல்யாண ஊர்வலத்துக்கு எடுத்துப்போய் ஃபேஸ்புக்கில் படம் போடாதீர்கள். உங்களுக்கு எதிராக முதலில் அதைத்தான் நீட்டுவார்கள்.

கோர்ட் என்றால் அவர் ஊருக்குத்தான் போக வேண்டியிருக்கும். அங்கே சின்ன வழக்குகளைப் பார்க்கும் மாஜிஸ்டீரியல் டிஸ்ட்ரிக்ட் கோர்ட்டில் 12,000 டாலர்வரை கேட்கலாம். வக்கீல் இல்லாமலே வாதாடலாம். ஆனால் நீங்கள் ஜெயித்தாலும் அவர் 30 நாளில் மேலே அப்பீல் போனால் வழக்கு மறுபடி முதலிலிருந்து நடக்கும். அப்போது வக்கீல் வைத்தால் ஃபீஸ் உங்கள் பையிலிருந்துதான்.

அதனால் ராஜி ஆகிவிடுங்கள். வண்டியைத் திருப்பி எடுத்துக்கொள்வதாகச் சொன்னால் உடனே விடுங்கள். இல்லை, ஆறேழாயிரம் தருகிறேன் என்றால் பேரம் பேசாமல் வாங்கிக்கொள்ளுங்கள். ‘இனி பாக்கி இல்லை’ என்ற தாளில் கையெழுத்துக் கேட்பார். செக் பாஸான பிறகு போடுங்கள். பெயின்ட் கடைக்கு அதற்குப்பிறகு போகலாம்.