அவர்களால் வந்த கடன்தான், ஆனால் இனி?

கேள்வி (கடிதத்தின் சுருக்கம்): எனக்கு வயது 43. மனைவியின் தம்பி கெஞ்சிக் கேட்டதால் அவருடைய வங்கிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். அவர் தவணை கட்டுவதை நிறுத்திவிட்டார், வங்கி இப்போது என்னைக் கேட்கிறது. நண்பர் சொன்னாரே என்று ஒரு நிறுவனத்தின் பங்கை வாங்கினேன், பாதிக்கும் கீழே போய்விட்டது. இதற்கு நடுவில் கிரெடிட் கார்டு பாக்கியும் ஏறிவிட்டது. மாதம் 3 சதவீத வட்டி. குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிவருகிறேன். நான்கு மாதமாக ஸ்டேட்மெண்டைப் பிரித்தே பார்க்கவில்லை. ஜாமீன் போட்ட விஷயம் மனைவிக்குத் தெரியாது. அடுத்தவர்களை நம்பியே கெட்டேன். எப்படி மீள்வது?

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. மைத்துனர் உங்களை நட்டாற்றில் விட்டுவிட்டார், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் நீங்கள் எழுதிய நீண்ட கடிதத்தில் முக்கால்வாசி அவரும் நண்பரும் செய்ததைப் பற்றியே இருக்கிறது. அடுத்து நீங்கள் செய்யப்போவது கடைசி வரியில்தான் வருகிறது. தவறு யாருடையது என்பது ஒரு கேள்வி. அடுத்த முடிவை யார் எடுப்பது என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கு நீங்கள் விரும்பும் பதிலே கிடைத்தாலும் கார்டு பாக்கி ஒரு காசு குறையாது.

உங்கள் தொகைகளை இங்கே வெளியிடவில்லை. மாத வருமானத்தை 100 என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கணக்கில் கார்டு பாக்கி 300. பங்குக்குப் போட்டது 200, இன்றைய மதிப்பு 80.

முதலில் அந்த நான்கு ஸ்டேட்மெண்டுகளையும் இன்றே பிரித்துவிடுங்கள். குறைந்தபட்சத் தொகை 5 சதவீதம் என்கிறீர்கள். 300-க்கு அது 15. அதில் 9 வட்டிக்கே போய்விடும், அசலில் கழிவது வெறும் 6. பாக்கி குறையக் குறையக் கேட்கும் தொகையும் குறைந்துகொண்டே வரும், நீங்களும் நிம்மதியாகக் குறைத்துக் கட்டுவீர்கள். அப்படியே போனால் பாக்கி பாதியாவதற்கே மூன்று ஆண்டு நெருங்கிவிடும். அதே 15-ஐ, ஸ்டேட்மெண்ட் எவ்வளவு கேட்டாலும் மாறாமல் மாதாமாதம் கட்டிப் பாருங்கள். 31 மாதத்தில் கடன் முழுவதும் தீர்ந்துவிடும். இன்று கட்டும் தொகைக்கு மேல் ஒரு பைசா கூட்டச் சொல்லவில்லை. கட்டும் தொகையை ஸ்டேட்மெண்ட் தீர்மானிப்பதற்குப் பதில் நீங்கள் தீர்மானிக்கிறீர்கள், அவ்வளவுதான் வித்தியாசம். பொறுப்பேற்பது என்று நான் சொல்வது இதைத்தான். அதுவரை கார்டில் புதிதாக எதையும் வாங்காதீர்கள். பழைய பாக்கி நிற்கும்போது புதுச் செலவுக்குப் பொதுவாக வட்டியில்லா நாட்கள் கிடைக்காது.

அப்புறம் அந்தப் பங்கு. "வாங்கின விலைக்கு வந்ததும் விற்றுவிடுவேன்" என்கிறீர்கள். 80 மறுபடி 200 ஆக வேண்டுமானால் 150 சதவீதம் ஏற வேண்டும். நீங்கள் வாங்கிய விலை உங்களுக்குத்தான் முக்கியம், சந்தைக்கு அது தெரியவே தெரியாது. லாபத்தில் இருப்பதைச் சீக்கிரம் விற்பதும் நஷ்டத்தில் இருப்பதை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதும் முதலீட்டாளர்களிடம் பரவலாக உள்ள பழக்கம். ஹெர்ஷ் ஷெஃப்ரின், மெய்ர் ஸ்டாட்மன் என்ற இரு ஆய்வாளர்கள் 1985-லேயே இதை விளக்கி எழுதினார்கள். விற்றால் தோல்வியை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்ற வலிதான் காரணம். உங்களிடம் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது என்று நினைக்கிறேன்: நஷ்டத்துக்கு நண்பர்தான் காரணம் என்று சொல்லிக்கொண்டிருக்கும்வரை விற்கும் முடிவை நீங்கள் எடுக்க வேண்டியதில்லை.

ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். இன்று கையில் 80 ரொக்கமாக இருந்தால், மாதம் 3 சதவீதக் கடனை வைத்துக்கொண்டு இதே பங்கை வாங்குவீர்களா? மாட்டேன் என்றால் விற்றுக் கார்டில் கட்டுங்கள். பாக்கி 220 ஆகும், அதே 15-ஐக் கட்டிவந்தால் 20 மாதத்தில் முடிந்துவிடும்.

ஜாமீன் விஷயம் கசப்பானது. கடன் வாங்கியவர் கட்டாவிட்டால் கட்டுகிறேன் என்பதுதான் அந்தக் கையெழுத்தின் பொருள். "முதலில் அவரிடம் வசூல் பண்ணுங்கள்" என்ற வாதம் பெரும்பாலான ஜாமீன் பத்திரங்களில் எடுபடாது. பத்திரத்தின் நகலை வாங்கி, உங்கள் பொறுப்பு முழுத் தொகைக்கா, ஒரு வரம்பு வரைக்கா என்று பாருங்கள். வங்கி அடுத்த நடவடிக்கை எடுப்பதற்குள் நீங்களே போய், தவணைக் காலத்தை நீட்ட முடியுமா என்று கேளுங்கள். நீங்கள் கட்டும் ஒவ்வொரு தொகைக்கும் ரசீது வேண்டும். அவருக்காகக் கட்டியதை அவரிடமிருந்து வசூலிக்க உங்களுக்கு உரிமை உண்டு, ரசீது இல்லாமல் அந்த உரிமையால் பயனில்லை.

இதற்கெல்லாம் முன்னால் மனைவியிடம் சொல்லிவிடுங்கள். வங்கிக் கடிதம் மூலம் அவருக்குத் தெரியவந்தால், பணத்தோடு நம்பிக்கையும் போகும். சொல்லும்போது "உன் தம்பி என்ன பண்ணிவிட்டான் பார்" என்று ஆரம்பிக்காதீர்கள். "உன்னைக் கேட்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன்" என்று ஆரம்பியுங்கள். முதல் வாக்கியத்தைச் சொன்னால் அவர் தம்பிக்காக வாதாட வேண்டிவரும். இரண்டாவதைச் சொன்னால், கோபப்பட்டாலும், இருவரும் சேர்ந்து கணக்குப் போட உட்கார முடியும்.

வாழ்க்கை வீணாகிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நான் ஏற்கவில்லை. பொறுப்பேற்பது தன்னையே திட்டிக்கொள்வது அல்ல. தன்னைத் திட்டிக்கொள்கிறவர்கள்தான் வெட்கத்தில் ஸ்டேட்மெண்டைப் பிரிக்காமல் வைத்திருக்கிறார்கள். நெருக்கடியில் ஒருவருக்கு உதவ நினைத்தீர்கள், அது குற்றமில்லை. உங்களால் எவ்வளவு தாங்க முடியும் என்று கணக்குப் பார்க்காமல் உதவியதுதான் பிழை. இனி யாராவது பணம் பற்றி யோசனை சொன்னாலோ கையெழுத்துக் கேட்டாலோ, உடனே பதில் சொல்லாதீர்கள். எவ்வளவு, எதற்காக, முழுவதும் போனால் சமாளிக்க முடியுமா என்று உங்கள் கையாலேயே ஒரு தாளில் எழுதி மனைவியிடம் காட்டுங்கள். கார்டுக்கான 15-ஐச் சம்பளம் வந்த மறுநாளே தானாகப் போகும்படி வங்கியில் சொல்லிவைத்துவிடுங்கள்.