பசுத்தலை என்றொரு குடும்பப்பெயர்

ஸ்பானிய மொழி பேசுவோரிடையே அரிதாக உள்ள குடும்பப்பெயர் ஒன்றைச் சொல்லி, அது எப்படி வந்தது, பொருள் என்ன, இன்று எந்த அளவுக்குப் புழக்கத்தில் இருக்கிறது என்று விளக்கும்படி கேட்டிருக்கிறீர்கள். ஸ்பானிய ஆவணங்களை மொழிபெயர்ப்பது என் தொழில் என்பதால் இத்தகைய பெயர்கள் நிறையவே கண்ணில் படும். அவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது ‘கபேசா தே பாக்கா’ (Cabeza de Vaca). கபேசா என்றால் தலை, பாக்கா என்றால் பசு. ஆக, ‘பசுத்தலை’. கேலிப்பெயர் போலத்தான் ஒலிக்கிறது. ஆனால் வைத்திருந்தவர்கள் அதைப் பெருமையாகவே வைத்திருந்தார்கள்.

இணையத்தில் தேடினால் முதலில் கிடைப்பது ஒரு போர்க்கதை. ஆண்டு 1212. இன்றைய ஸ்பெயினில் இருந்த காஸ்டீல், அரகோன், நவார்ரா ஆகிய மூன்று கிறிஸ்தவ நாட்டு அரசர்களும் படை திரட்டிக்கொண்டு தெற்கே வருகிறார்கள். சியர்ரா மொரேனா மலையின் கணவாயை, தென் ஸ்பெயினை ஆண்ட வட ஆப்பிரிக்க முஸ்லிம் பேரரசான அல்மொஹத்தின் படையினர் அடைத்துக்கொண்டு நிற்கிறார்கள். அப்போது மார்ட்டின் அல்ஹாஹா என்ற இடையன் யாரும் அறியாத ஒரு வழி உண்டு என்கிறான். வழி பிரியும் இடத்தில் ஒரு பசுவின் மண்டையோட்டை அடையாளமாக வைக்கிறான். படை அந்த வழியாக மலையைக் கடக்கிறது. ஜூலை 16 அன்று லாஸ் நாவாஸ் தே தோலோசா சமவெளியில் அல்மொஹத் கலீஃபா அல்நாசிரின் சேனை தோற்றோடுகிறது. மகிழ்ந்த அரசர் இடையனைப் பிரபுவாக்கி, பசுத்தலை என்ற பெயரையும் அளிக்கிறார். எந்த அரசர் என்பதில் மட்டும் ஆளுக்கொரு பாடம்.

போர் நடந்தது உண்மை. வழிகாட்டி ஒருவன் வந்ததும் உண்மையாகவே இருக்க வேண்டும். போரில் நேரில் இருந்த தொலேதோ பேராயர் ரோத்ரிகோ ஹிமேனெஸ் தே ராதா பிற்பாடு எழுதிய வரலாற்றில் அவனைப் பற்றிச் சொல்கிறார்: உடையிலும் தோற்றத்திலும் மதிப்பற்ற எளியவன், முன்பு அந்த மலையில் ஆடுமாடு மேய்த்தவன், முயல் பிடித்துத் திரிந்தவன். முயல் வரைக்கும் எழுதியவர் மண்டையோட்டைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை, அவன் பெயரையும் எழுதவில்லை. அவ்வளவு நல்ல காட்சியை எந்த எழுத்தாளன் விடுவான்? மண்டையோடு பிற்காலச் சேர்க்கை என்பதே என் கட்சி. போதாக்குறைக்கு, அந்த இடையன் வேறு யாருமில்லை, மத்ரித் நகரின் காவல் புனிதர் இசித்ரோவே என்று இன்னொரு மரபும் சொல்கிறது. பெயரில்லாத ஒருவனுக்கு ஒரு பிரபு குடும்பமும் ஒரு புனிதரும் உரிமை கொண்டாடியிருக்கிறார்கள்.

இதைவிடச் சாதாரணமான விளக்கம் ஒன்று உண்டு. ஸ்பெயினின் ஊர்ப்பெயர்களில் ‘கபேசா’ என்பது குன்றையும் மேட்டையும் குறிக்கும். எக்ஸ்ட்ரெமதுரா பகுதியில் பதஹோஸ் மாகாணத்தில் ‘கபேசா லா பாக்கா’ என்றே ஓர் ஊர் இருக்கிறது. அதே மாகாணத்தில் ‘கபேசா தெல் புவெய்’, அதாவது எருதுத்தலை, என்றும் ஓர் ஊர். ஊர்ப்பெயர் குடும்பப்பெயராவது ஸ்பெயினில் மிக வழக்கமான நடைமுறை. இந்தப் பெயரும் ஏதோ ஒரு மேட்டிலிருந்து இறங்கி வந்ததாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். ஆனால் மேட்டை வைத்துக் குடும்பச் சின்னம் விற்க முடியாது. பெயரைத் தட்டினால் கேடயப் படம் அச்சிட்டுத் தருகிற கடைகள் எல்லாம் மண்டையோட்டுக் கதையையே ஒட்டித் தருகின்றன. குடும்பச் சின்னம் குறிப்பிட்ட மனிதருக்கும் அவருடைய வழியினருக்கும் உரியது. ஒரே பெயர் வைத்த எல்லோருக்கும் பொதுவானதில்லை. காசு கொடுக்கும் முன் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெயரை உலகறியச் செய்தவர் ஆல்வார் நூன்யெஸ் கபேசா தே பாக்கா. 1527இல் ஏறத்தாழ 600 பேருடன் நார்வாயெஸ் என்பவர் தலைமையில் ஸ்பெயினிலிருந்து அமெரிக்காவுக்குப் புறப்பட்ட படையெடுப்பில் பொருளாளர். ஃபுளோரிடாவில் இறங்கி, பசியில் குதிரைகளைத் தின்று, தெப்பம் கட்டிக் கடலில் விட்டு, டெக்சாஸ் கரையில் ஒதுங்கி, கடைசியில் 1536இல் மெக்சிகோவின் வடமேற்கில் மறுபடி ஸ்பானியர்களைக் கண்டபோது அவருடன் இருந்தவர்கள் மூவர். 1542இல் தம் அனுபவங்களை நூலாக வெளியிட்டார். அதன் கடைசி இயலில் பிழைத்த நால்வரும் யார் யார் என்று சொல்கிறார். தம்மைப் பற்றி: பிரான்சிஸ்கோ தே பேராவின் மகன், கனாரியா தீவை வென்ற பெத்ரோ தே பேராவின் பேரன், தாயின் பெயர் தோன்யா தெரேசா கபேசா தே பாக்கா. கவனித்தீர்களா? அப்பாவும் தாத்தாவும் ‘பேரா’. அதுவும் தீவையே வென்ற தாத்தா. ஆனால் அவர் வைத்துக்கொண்டது அம்மாவின் பெயரை. அந்தக் காலத்தில் இதற்குத் தடையில்லை. ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்கூட வெவ்வேறு குடும்பப்பெயர் வைத்துக்கொள்வார்கள். தந்தை பெயர் முதலில், தாய் பெயர் பின்னால் என்ற இன்றைய ஒழுங்கு சட்டமாக இறுகியது 19ஆம் நூற்றாண்டில்தான். அதே பட்டியலில் நான்காவதாக வருபவர் மொராக்கோவின் அசமோரைச் சேர்ந்த அடிமை எஸ்தெவானிகோ. அவருக்குக் குடும்பப்பெயரும் இல்லை, பெற்றோர் பெயரும் இல்லை.

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் இந்தப் பெயர் இன்னும் வேடிக்கையாகிவிட்டது. 1600இல் அங்கே குடியேறிய கிறிஸ்தோபல் பாக்காவின் வழிவந்தவர்கள் நெடுங்காலம் பெரும்பாலும் ‘பாக்கா’ என்றே அறியப்பட்டார்கள். ஸ்பானிய மொழியில் ‘வி’க்கும் ‘பி’க்கும் ஒரே ஒலி என்பதால் எழுத்தில் ‘பி’ (Baca) நிலைத்துவிட்டது. பின்னர் லூயிஸ் மரியா என்பவர் கபேசா தே பாக்கா என்று முழுப்பெயராக வைத்துக்கொண்டார். ஆல்வாரின் நேர் வாரிசுகள் என்று சொல்லிக்கொள்வோர் உண்டு. அதற்குச் சான்று கிடையாது. நிலச் சான்று மட்டும் ஏராளம்: குடும்பத்துக்கு முன்பு மானியமாகக் கிடைத்திருந்த லாஸ் வேகாஸ் நிலத்துக்கு ஈடாக 1860இல் அமெரிக்க நாடாளுமன்றம் லூயிஸ் மரியாவின் வாரிசுகளுக்கு ஐந்து துண்டு நிலம் தந்தது, ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு லட்சம் ஏக்கர். (இந்த லாஸ் வேகாஸ் நியூ மெக்சிகோவில் உள்ளது, சூதாட்ட நகரம் அல்ல.) அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த எசெக்கியேல் கபேசா தே பாக்கா 1917 ஜனவரி 1 அன்று மாநில ஆளுநராகப் பொறுப்பேற்று, பிப்ரவரி 18 அன்று நோயால் இறந்தார். அவர் நினைவாக அமைந்த மாவட்டத்துக்கு ‘டி பாக்கா’ என்று பெயர். தலையை விட்டுவிட்டுப் பசுவை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

இன்னும் சிலர் கபேசாவை முதலெழுத்தாக்கி ‘சி டி பாக்கா’ (C de Baca) என்று சுருக்கிக்கொண்டார்கள். இது சட்டப்படியான முழுக் குடும்பப்பெயர். ஆங்கிலப் படிவங்களோ அந்த ‘சி’யை நடுப்பெயரின் முதலெழுத்தாக எடுத்துக்கொண்டுவிடும். பாஸ்போர்ட் படிவத்தில் இனிஷியலோடு மல்லுக்கட்டிய நம்மவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மெக்சிகோவில் 2016 முதல் 2022 வரை தமௌலிபாஸ் மாநில ஆளுநராக இருந்தவர் பிரான்சிஸ்கோ கார்சியா கபேசா தே பாக்கா. தந்தைவழிப் பெயர் கார்சியா. ஆனால் தலைப்புச் செய்திகளில் அவர் ‘கபேசா தே பாக்கா’தான். ஸ்பெயினில் மட்டுமே சுமார் 14 லட்சம் பேருக்கு முதல் குடும்பப்பெயர் கார்சியா. அதைச் சொல்லி ஒருவரை அடையாளம் காட்ட முடியாது. ஓவியர் பாப்லோ ரூயிஸ் பிக்காசோ வெறும் பிக்காசோ ஆனதும் இதே கணக்கில்தான். தந்தைவழியில் பார்த்தால் இந்தப் பெயர் எப்போதோ தேய்ந்துபோயிருக்கலாம். அம்மா பெயரை எடுத்துக்கொண்டவர்களும், தாமாக வைத்துக்கொண்டவர்களும்தான் அதை ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

புழக்கத்தைப் பொறுத்தவரை, ‘பாக்கா’ என்ற குறுவடிவம் நியூ மெக்சிகோவில் தெருவுக்குத் தெரு உண்டு; முழு வடிவம்தான் அரிது. ஸ்பெயினில் 2017 ஜூன் 30 முதல் தந்தை பெயருக்கு இயல்பான முன்னுரிமை கிடையாது. எது முதலில் என்று பெற்றோர் கூடி முடிவுசெய்ய வேண்டும். அரிதான பெயர்களுக்கு இது நல்ல செய்தி. எண்ணிக்கை வேண்டுமானால் ஸ்பெயினின் தேசியப் புள்ளியியல் நிறுவனத் தளத்தில் பெயரை இட்டுப் பாருங்கள். நாடு முழுக்க 20 பேருக்குக் குறைவாக இருந்தால் எண்ணைக் காட்டாது. ‘வி’, ‘பி’ இரண்டு எழுத்திலும் தேடுங்கள். அமெரிக்க மக்கள்தொகைப் பட்டியலில் குடும்பப்பெயர்களை இடைவெளி விடாமல் சேர்த்தே எழுதுவார்கள் என்பதால், அங்கே ‘சிடிபாக்கா’ (CDEBACA) என்று ஒரே சொல்லாகத் தேட வேண்டும்.