ராத்திரி ஆட்டம், காலையில் டைவிங்: கேள்வி பதில்

11 வருடமாக ஸ்கூபா கற்றுக்கொடுக்கிறேன். முதுகுப்பையோடு கடற்கரை ஊருக்கு வருகிறவர்களுக்குப் பகலில் கடலும் வேண்டும், ராத்திரியில் ஆட்டமும் வேண்டும். தப்பில்லை. எதை எந்த நாளில் வைத்துக்கொள்வது என்பதுதான் விஷயம். கேளுங்கள்.

நாடோடி: அண்ணா, எனக்கு நீச்சல் அரைகுறை. டைவிங் போகலாமா?

அறிமுக டைவ் போகலாம். பயிற்சியாளர் கூடவே இருப்பார், 12 மீட்டருக்குக் கீழே கூட்டிப்போகமாட்டார். முதல்நிலைப் பயிற்சியான ஓப்பன் வாட்டர் சர்டிபிகேட் வேண்டும் என்றால் 200 மீட்டர் நீந்திக்காட்டி, 10 நிமிடம் மிதந்தும் காட்ட வேண்டும்.

அலைமகள்: கோர்ஸின் கடைசி டைவ் மதியம் 1 மணிக்கு முடிகிறது. அன்று ராத்திரி பார்ட்டி, விடிகாலை 5 மணிக்கு விமானம். சரியாக வருமா அண்ணா?

வராதும்மா. 10 மீட்டர் இறங்கினால் உடம்பின் மேல் அழுத்தம் இரண்டு மடங்கு. அந்த அழுத்தத்தில் நீங்கள் சுவாசிக்கும் நைட்ரஜன் ரத்தத்திலும் தசையிலும் கரைந்து தங்கிவிடும். மேலே வந்த பிறகு மணிக்கணக்கில் மெல்ல வெளியேறும். விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தமோ சுமார் 2,000 மீட்டர் உயர மலை மேல் இருப்பது போன்றது. சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி, மிச்சமிருக்கும் நைட்ரஜன் குமிழாகக் கிளம்பலாம். மூட்டுவலி, மரமரப்பு, மோசமானால் கைகால் விழுந்துபோவது வரை கொண்டுபோகும்.

ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ் அல்லது பல நாள் என்றால் 18 மணி நேரம் கழித்துத்தான் பறக்க வேண்டும் என்பது டைவிங் பாதுகாப்புக்கான டான் (DAN) அமைப்பின் வழிகாட்டுதல். உங்களுக்கு 16 மணி நேரம்தான் இருக்கிறது. நடுவில் பார்ட்டி வேறு. தலைசுற்றல், களைப்பு, குமட்டல் எல்லாம் குமிழ் நோய்க்கும் உண்டு, ஹேங்ஓவருக்கும் உண்டு. போதை இறங்குகிறது என்று நினைத்து நீங்கள் படுத்துத் தூங்கிவிடுவீர்கள். எனக்குப் பெரிய பயம் அதுதான். டிக்கெட்டை ஒரு நாள் தள்ளிப்போடுங்கள். அந்த ஒரு நாளில் உயரமான மலைப்பக்கமும் போக வேண்டாம்.

கண்ணாடிக்காரன்: கண்ணாடி போடுகிறவன் மாஸ்க்குக்கு என்ன செய்வது?

பவர் மாஸ்க் இருக்கிறது, கேட்டு வாங்குங்கள்.

மூக்கடைப்பு: ஜலதோஷம். மாத்திரை போட்டுக்கொண்டு இறங்கலாமா?

வேண்டாம். ஆழத்தில் இருக்கும்போது மாத்திரையின் வேலை முடிந்துபோனால், மேலே வரும்போது விரியும் காற்று காதிலும் சைனஸிலும் வெளியேற வழியில்லாமல் சிக்கிக்கொள்ளும்.

ராக்கோழி: முந்தைய நாள் சாயங்காலம் இரண்டு பியர் குடித்தால்?

சீக்கிரம் முடித்து, தண்ணீர் குடித்து, நன்றாகத் தூங்கி, தெளிவாக எழுந்தால் வாருங்கள். தலை கனத்தால் வராதீர்கள்.

கடல்சிங்கம்: சும்மா பயமுறுத்துகிறீர்கள். 40 டைவ் போட்டிருக்கிறேன், பாதி விடிய விடியக் குடித்துவிட்டுத்தான். சிலிண்டரில் இருக்கும் ஆக்சிஜனே ஹேங்ஓவருக்கு மருந்து.

சிலிண்டரில் இருப்பது ஆக்சிஜன் இல்லை தம்பி, சாதாரணக் காற்று. ஐந்தில் ஒரு பங்குதான் ஆக்சிஜன். சுத்த ஆக்சிஜனோடு 6 மீட்டருக்குக் கீழே போனால் வலிப்பே வரலாம்.

கடல்சிங்கம்: சரி, காற்றே இருக்கட்டும். 40 தடவையும் எனக்கு ஒன்றும் ஆகவில்லையே?

உங்களோடு துணையாக இறங்கும் ஜோடிக்கு? ஒருமுறை ராத்திரி முழுக்கத் தூங்காத ஒரு பையன் அதை மறைத்து என்னோடு இறங்கினான். 14 மீட்டரில் குமட்டல், பதற்றம். மூச்சை அடக்கிக்கொண்டு மேலே பாயப் பார்த்தான். ஜாக்கெட்டைப் பிடித்து நிறுத்தி, மூச்சுவிட வைத்து மெல்ல ஏற்றினேன். 10 மீட்டரிலிருந்து மேலே வருவதற்குள் நுரையீரலில் அடைத்த காற்று இரண்டு மடங்காக விரியும், நுரையீரல் கிழிந்திருக்கும். என்ன ஆனாலும் மூச்சை அடக்காதீர்கள்.

நுரைக்கால்: என் ஜோடி ஒருநாள் குடித்துவிட்டுப் படகில் ஏறினான். நான் இறங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கட்டிய பணம் போச்சு என்று இன்றும் திட்டுகிறான்.

நீங்கள் செய்தது முழுக்கச் சரி. கீழே உங்கள் காற்று தீர்ந்தால், தன் சிலிண்டரிலிருந்து மூச்சுவிட மாற்று ரெகுலேட்டரை (வாயில் வைக்கும் சுவாசக் கருவி) தர வேண்டியவன் அவன். கடல்சிங்கம், இதைத்தான் உங்களிடமும் சொல்கிறேன்.

மூட்டைமுடிச்சு: காலையில் இரண்டு டைவ், சாயங்காலம் விமானம். ஓகேவா?

அலைமகளுக்குச் சொன்னதைப் படியுங்கள். 18 மணி நேரம்.

வெண்மணல்: ஒரே ஒரு ஷாட் போட்டுவிட்டு இறங்கினால்?

கூடாது. குடித்த அன்று கடல் இல்லை. இனி இந்தக் கேள்விக்கு வேறு பதில் தரமாட்டேன்.

புதுமுகம்: ஆஸ்துமா இருக்கிறது. படிவத்தில் எழுதாமல் விட்டுவிடலாமா?

எழுதுங்கள். டைவிங் தெரிந்த மருத்துவரிடம் காட்டி அனுமதி வாங்குங்கள். இதில் பொய் வேண்டாம்.

தாளம்: பார்ட்டியில் வாளியில் கலந்து தருகிறார்களே, அது?

கண் முன்னால் சீல் உடைக்காத எதையும் தொடாதீர்கள். மெத்தனால் என்ற விஷச் சாராயம் கலந்திருந்தால் அறிகுறி தெரியவே அரை நாள், ஒரு நாள் ஆகலாம். பார்வை மங்கினால் உடனே ஆஸ்பத்திரி.

தனிமரம்: அண்ணா, இரவு டைவ் எப்படி? அதற்காக ஒரு பார்ட்டியை விடலாமா?

தாராளமாக விடலாம்! பகலில் ஒளிந்திருக்கும் ஆக்டோபஸ் வேட்டைக்குக் கிளம்பும். சிலவகைக் கிளிமீன்கள் தங்களைச் சுற்றிச் சளியால் உறை நெய்து, அதற்குள் தூங்கும். நடுவில் ஒருமுறை, பயிற்சியாளர் சைகை காட்டியதும் டார்ச்சை நெஞ்சோடு அணைத்து வெளிச்சத்தை மறையுங்கள். கண் இருட்டுக்குப் பழகட்டும். அப்புறம் கையை வீசிப் பாருங்கள். அசைத்தால் ஒளிரும் நுண்ணிய மிதவை உயிர்கள் நிறைய இருக்கும் நாளாக இருந்தால் விரல் போகும் வழியெல்லாம் நீலப் பொறி பறக்கும்.