பகலில் பிடிக்காத தூக்கம்: நைட் டியூட்டிக்காரர்களுக்குப் பதில்கள்

ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி பார்க்கிறவர்கள் தூக்கம் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நர்ஸ்களிடமிருந்துதான் அதிகக் கேள்விகள். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

ஐ.சி.யூ. நர்ஸ்: காலையில் ஹேண்ட் ஓவர் முடித்து வீட்டுக்கு வந்து 9 மணிக்குப் படுத்தால் அடித்துப் போட்ட மாதிரி தூங்குகிறேன் டாக்டர். ஆனால் 11.30-க்கு முழிப்பு வந்துவிடுகிறது. அப்புறம் புரள்வதுதான். அறை இருட்டாகத்தான் இருக்கிறது. நான் என்ன தப்பு செய்கிறேன்?

தப்பு எதுவும் செய்யவில்லை. உங்கள் மூளை பகலைப் பகலாகவே நினைக்கிறது, அவ்வளவுதான்.

தூக்கத்தை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன. ஒன்று, விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் சேர்ந்துகொண்டே போகும் அடினோசின் என்ற ரசாயனம். ராத்திரி முழுக்க முழித்திருந்ததால் காலை 9 மணிக்கு அது தலைக்கு மேல் இருக்கும். படுத்ததும் இழுத்துக்கொண்டு போகிறது. இரண்டாவது, மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில் இருக்கும் உடல் கடிகாரம். இரண்டரை மணி நேரம் தூங்கியதும் அடினோசினின் அழுத்தம் பெரும்பாலும் குறைந்துவிடும். அந்த நேரத்தில் கடிகாரமோ 'எழுந்திரு' என்கிறது, உடல் வெப்பமும் ஏறிக்கொண்டிருக்கிறது. 11.30 முழிப்பு இதனால்தான். பகல் தூக்கம் ராத்திரித் தூக்கத்தைவிட ஒன்றிலிருந்து நான்கு மணி நேரம் வரை குறைவது பொதுவான விஷயம்.

கடிகாரத்தைத் திருப்பும் பெரிய கருவி வெளிச்சம். டியூட்டியின் முதல் பாதியில் நல்ல வெளிச்சத்தில் இருங்கள். கடைசி இரண்டு மூன்று மணி நேரம் வேலைக்குப் பாதகமில்லாத அளவு மங்கலாக்கிக்கொள்ளுங்கள். வீட்டுக்குப் போகும் வழியில் கறுப்புக் கண்ணாடி போடுங்கள், நீங்களே வண்டி ஓட்டாவிட்டால் மட்டும். காலை வெயில் கண்ணில் பட்டால், தூக்கத்துக்கு உதவும் மெலடோனின் என்ற ஹார்மோனின் சுரப்பு அடங்கிவிடும். அறை குளிர்ச்சியாக இருப்பதும் இருட்டுக்குச் சமமாக முக்கியம்.

இவ்வளவுக்குப் பிறகும் 11.30-க்கு முழிப்பு வந்தால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு படுத்துக் கிடக்க வேண்டாம். எழுந்துவிடுங்கள். மாலையில் டியூட்டிக்குக் கிளம்பும் முன் ஒன்றரை மணி நேரம் இன்னொரு தூக்கம் போடுங்கள். இரண்டு தவணையாகத் தூங்குவது குறையே இல்லை.

லேப் டெக்னீஷியன்: எனக்கு நிரந்தர நைட். ஆஃப் நாட்களில் எல்லாரையும் போல ராத்திரி தூங்கலாமா?

முழுசாகத் திரும்பினால் உடம்பு ஒவ்வொரு வாரமும் ஊர் மாறி ஊர் போன மாதிரி குழம்பும். நடுவழி ஒன்று உண்டு. டியூட்டி நாளில் காலை 8.30-லிருந்து மாலை 3.30 வரை தூங்குகிறவர், ஆஃப் நாளில் அதிகாலை 3 மணிக்குப் படுத்து மதியம் வரை தூங்குவது. இரண்டுக்கும் பொதுவாகச் சில மணி நேரம் கிடைக்கிறது அல்லவா, கடிகாரம் அதைப் பிடித்துக்கொள்ளும். வீட்டில் எல்லாரும் எழுந்து நடமாடும்போது நீங்கள் மட்டும் போர்த்திக்கொண்டு கிடப்பது சங்கடம்தான். முடிந்தவரை செய்யுங்கள்.

மாதத்தில் இரண்டு மூன்று நைட் மட்டும் பார்ப்பவர்களுக்கு இது தேவையில்லை. கடைசி நைட் முடிந்த காலையில் கொஞ்ச நேரம் தூங்கி மதியம் எழுந்துவிட்டு, அன்றைக்கு ராத்திரி சீக்கிரம் படுத்தால் போதும்.

ஹவுஸ் சர்ஜன்: மேடம், 3 மணிக்கு ஒரு காபி, 5-க்கு ஒன்று, 7-க்கு ஒன்று குடிக்கிறேன். இல்லாவிட்டால் ரவுண்ட்ஸில் நிற்கவே முடியாது.

காஃபீன் அடினோசின் உட்காரும் இடத்தை மறைக்கிறது. அடினோசின் எங்கும் போய்விடுவதில்லை. குடித்த காஃபீனில் பாதி வெளியேறவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் அதிகம். 7 மணிக் காபியின் பாதி, நீங்கள் தூங்க வேண்டிய நண்பகல் நேரத்தில் ரத்தத்தில் இருக்கும். டியூட்டியின் முதல் பாதியில் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். படுக்கப் போகும் நேரத்துக்கு ஆறு மணி நேரம் முன்னால் நிறுத்திவிடுங்கள்.

ஜெனரல் வார்டு நர்ஸ்: 4 மணிக்குக் கண் சொக்குகிறது. இருபது நிமிடம் சாய்ந்தால்கூட இன்சார்ஜ் மெமோ கொடுக்கிறார். டியூட்டியில் தூங்குவது தப்புதானே?

சொல்லாமல் கொள்ளாமல் நோயாளிகளை விட்டுவிட்டுத் தூங்குவது தப்பு. முறை வைத்து, ஒருவர் பார்த்துக்கொள்ள இன்னொருவர் கண்ணயர்வது பாதுகாப்பு ஏற்பாடு. மெமோ கொடுப்பவர்கள் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். எனக்கு இதில் கோபமே உண்டு.

உடல் வெப்பம் மிகக் கீழே இறங்குவது அதிகாலை 4, 5 மணி வாக்கில். விழிப்பும் அப்போதுதான் அடிமட்டத்தில் இருக்கும். மருந்தை அளவாக ரத்தத்தில் ஏற்றும் இன்ஃப்யூஷன் பம்பில் 5.0 போட வேண்டிய இடத்தில் 50 போட்டுவிட்டு, அந்த எண்ணையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரம் அது. எதுவோ சரியில்லை என்று தெரியும், எது என்று மட்டும் தெரியாது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் உள்ளவரின் அளவுக்குக் குறைகிறது என்று 1997-லேயே ஆய்வு வந்துவிட்டது. குடித்துவிட்டு வார்டுக்கு வந்தவரை உள்ளே விடமாட்டோம். 24 மணி நேரம் முழித்திருப்பவரிடம் மட்டும் ஊசியைக் கொடுக்கிறோம். 2004-ல் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், 24 மணி நேரத்தைத் தாண்டி நீளும் டியூட்டியில் இருந்த பயிற்சி டாக்டர்கள், டியூட்டி நேரம் குறைக்கப்பட்ட முறையில் இருந்தபோது செய்ததைவிட 36 சதவீதம் அதிகமாகப் பெரிய தவறுகள் செய்தார்கள்.

இருபது நிமிடம் சாயுங்கள், அரை மணியைத் தாண்ட வேண்டாம். ஆழ்ந்த தூக்கத்துக்குள் போய் எழுந்தால் மந்தம் அதிகம். எழுந்த முதல் கால் மணி நேரம் மருந்து அளவு கணக்கிடும் வேலையைத் தொடாதீர்கள். முடியாவிட்டால் பக்கத்தில் இருப்பவரைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

ஆபரேஷன் தியேட்டர் டெக்னீஷியன்: டியூட்டி முடிந்து பைக்கில் போகும்போது நடுவில் கொஞ்ச தூரம் எப்படி வந்தேன் என்றே நினைவில்லை.

அந்தக் கொஞ்ச தூரம் நீங்கள் தூங்கிக்கொண்டு ஓட்டியிருக்கலாம். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் நான்கு விநாடி கண் செருகினால் 66 மீட்டர் போயிருப்பீர்கள். பாட்டு கேட்பதும் முகத்தில் காற்று வாங்குவதும் சில நிமிடங்களுக்குத்தான் உதவும். நைட் முடிந்தால் பைக்கைத் தொடாதீர்கள். வேறு வழியே இல்லையென்றால் டியூட்டி ரூமில் தூங்கிவிட்டுக் கிளம்புங்கள்.

நர்ஸ்: கூட வேலை செய்யும் அக்கா ஒரு தூக்க மாத்திரை கொடுத்தார். நன்றாகத் தூக்கம் வந்தது. தொடரலாமா?

வேண்டாம். மாத்திரை பகல் தூக்கத்தை நீட்டலாம். ராத்திரி டியூட்டியில் வரும் கண் சொக்கலைக் குறைக்கும் என்று நம்ப முடியாது. பழகிவிட்டால் அது இல்லாமல் தூக்கம் வராது. பகல் தூக்கத்துக்கு முன் மெலடோனின் சிலருக்கு உதவுகிறது, அதையும் டாக்டரைக் கேட்டு எடுங்கள். விழித்திருக்க உதவும் மொடாஃபினில் பற்றி இன்னொருவர் கேட்டிருக்கிறார். தகுந்தவர்களுக்கு அது எழுதித் தருவதுண்டு. ஆனால் கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைத்துவிடும். இதைச் சொல்லாமலே கைமாறுகிறது. தூக்கத்துக்காகக் குடிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: மது தூங்க வைக்கும், பின்பாதித் தூக்கத்தைக் கலைத்துவிடும்.

வார்டு ஆயா: டாக்டரம்மா, நான் படுத்ததும் யாராவது கதவைத் தட்டுவாங்க. "வீட்லதானே இருக்க"ன்னு எல்லா வேலையும் என் தலையிலதான்.

ராத்திரி 2 மணிக்கு அவர்கள் வீட்டுக் கதவை யாராவது தட்டினால் என்ன சொல்வார்கள் என்று கேளுங்கள் அம்மா. தூங்கும் நேரத்தைத் தாளில் எழுதிக் கதவில் ஒட்டுங்கள். போனில் அவசர எண் ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதை அமர்த்திவிடுங்கள். வீட்டு வேலை, தூங்கி எழுந்த பிறகு.

நைட் டியூட்டி புற்றுநோய் தரும் என்கிறார்களே?

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007-லும், மறுபடி 2019-லும் இதை 2ஏ பிரிவில் வைத்தது. 'அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது' என்ற பிரிவு. அது சான்று எவ்வளவு வலுவானது என்பதைச் சொல்கிறது. உங்களுக்கு வரும் வாய்ப்பு எவ்வளவு என்பதைச் சொல்லவில்லை. சர்க்கரை, ரத்த அழுத்தப் பரிசோதனைகளை விடாமல் செய்துகொள்வது இதைவிட உடனடியான வேலை. நள்ளிரவுக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிடாதீர்கள். அந்த நேரத்தில் உடம்பு சர்க்கரையைச் சரியாகக் கையாளாது.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

தூக்கப் பிரச்சினை மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால். இரண்டு வாரம் தூங்கிய, எழுந்த நேரங்களை எழுதிக்கொண்டு போங்கள். சத்தமாகக் குறட்டை விடுகிறவர்கள் மூன்று மாதம் காத்திருக்க வேண்டாம். தூக்கத்தில் மூச்சடைப்பு இருந்தால் ஷிப்ட் மாற்றினாலும் அசதி போகாது.

நர்சிங் சூப்பரின்டென்டென்ட்: ரோஸ்டர் போடுவது நான்தான். ஆள் குறைவு. என்னால் என்ன செய்ய முடியும்?

மேலே கேட்ட எல்லாரையும்விட உங்களால்தான் அதிகம் முடியும் மேடம். கறுப்புத் திரையும் காபிக் கணக்கும் ஓரளவுக்குத்தான். ஷிப்டைக் காலை, மாலை, இரவு என்ற வரிசையில் நகர்த்துங்கள். கடிகாரத்தைத் தள்ளிப்போடுவது முன்னே இழுப்பதைவிட எளிது. சுழற்சி ஷிப்ட்காரர்களுக்குத் தொடர்ந்து மூன்று நைட்டுக்கு மேல் போடாதீர்கள். இரண்டு டியூட்டிகளுக்கு நடுவில் 11 மணி நேரமாவது இருக்கட்டும், ஐரோப்பிய ஒன்றியத்தில் தினசரி ஓய்வுக்கு அதுதான் சட்டம். மாலை ஷிப்ட் முடித்தவரை மறுநாள் காலையே வரச் சொல்வதை முதலில் நிறுத்துங்கள். அதற்குக் கூடுதல் ஆள் வேண்டாம், அட்டவணையில் பெயர்களை மாற்றி எழுதினாலே பெரும்பாலும் நடக்கும். ரோஸ்டரை இரண்டு வாரம் முன்னதாக ஒட்டிவிடுங்கள்.