74 கிரேயும் 60 கிரேயும்

கேள்வி: என் தந்தைக்கு வயது 69. புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய், வேறெங்கும் பரவவில்லை. ஒரு சிட்டிங்குக்கு 3 கிரே வீதம் 20 சிட்டிங்கில் 60 கிரே கதிர்வீச்சு தரப்போவதாக மருத்துவர் கூறுகிறார். முன்பு என் மாமாவுக்கு இதே நோய்க்கு 37 சிட்டிங்கில் 74 கிரே கொடுத்தார்கள். 14 கிரே குறைவதால் சிகிச்சையில் குறை நேராதா?
– வாசகர், ஈரோடு

பதில்: நேராது. மொத்த கிரேயை (கதிர்வீச்சு டோஸின் அலகு) மட்டும் ஒப்பிடுவதால் எழும் ஐயம் இது. கதிர்வீச்சுக்குச் செல்கள் மடிவதைக் கணிக்க மருத்துவ இயற்பியலாளர்கள் பயன்படுத்தும் சமன்பாட்டில், சேதத்தின் ஒரு பங்கு டோஸுக்கு நேர்விகிதத்திலும், மற்றொரு பங்கு ஒவ்வொரு தவணை (சிட்டிங்) டோஸின் வர்க்கத்துக்கு ஏற்பவும் கூடும். இவ்விரு பங்குகளின் ஒப்பீட்டை ஆல்ஃபா–பீட்டா விகிதம் என்கிறார்கள். பல வகைக் கட்டிகளுக்கு இதை 10 கிரே என்று கொள்வது வழக்கம். மெதுவாக வளரும் புராஸ்டேட் புற்றுக்கோ அது 1.5 கிரே அளவுக்குத் தாழ்ந்திருக்கலாம் என்று பிரென்னர், ஹால் என்ற ஆய்வாளர்கள் 1999இல் கணித்தனர். அப்படியானால், அதாவது வர்க்கப் பங்கின் கை ஓங்கியிருந்தால், சிறு சிறு தவணைகளுக்கு நடுவே தேறிக்கொள்வதில் நல்ல திசுவுக்குப் புற்று சற்றும் இளைத்ததல்ல. தவணையின் அளவைக் கூட்டினால்தான் அது அடங்கும்.

தவணை டோஸை விகிதத்தால் வகுத்து, 1ஐக் கூட்டி, மொத்த டோஸால் பெருக்கிப் பாருங்கள்; வரும் எண் பெரிதானால் திசுவின் மீதான தாக்கமும் பெரிது. விகிதம் 1.5 என்றால் மாமாவின் 74 கிரேக்கு ஏறத்தாழ 173 வரும், தந்தையின் 60 கிரேக்கு 180 வரும். 10 என்று வைத்தாலோ 89, 78 என்று கணக்கு தலைகீழாகிவிடும். மலக்குடலின் நாள்பட்ட பாதிப்புக்கு வழக்கமாகக் கொள்ளும் 3ஐ இட்டால் 123, 120; அதாவது மலக்குடலுக்கும் பாதிப்பு கூடாது.

இந்தக் கணக்கை மட்டும் நம்பி யாரும் முறையை மாற்றிவிடவில்லை. பிரிட்டனை மையமாகக் கொண்டு 3,216 பேரிடம் நடந்த 'சிப்' ஆய்வின் முடிவு 2016இல் வெளியானது. 5 ஆண்டுகள் வரை பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் புற்றைக் கண்காணிக்க ரத்தத்தில் அளக்கும் புரதம்) ஏறாமலும் நோய் மீளாமலும் இருந்தவர்கள் 74 கிரே பிரிவில் 88.3 சதவீதம், 60 கிரே பிரிவில் 90.6 சதவீதம். அதே 3 கிரே வீதம் 19 தவணையோடு, 57 கிரேயில் நிறுத்திய பிரிவில் 85.9 சதவீதம்தான், ஒரு தவணை குறைந்ததற்கே இவ்வளவு.

ஆயினும் 1.5 என்ற எண்ணை வேதவாக்காகக் கொள்ள மாட்டேன். சுவீடனிலும் டென்மார்க்கிலும் 7 தவணையில் 42.7 கிரேயையும் 39 தவணையில் 78 கிரேயையும் ஒப்பிட்டார்கள். விகிதம் 1.5 என்றால் 216க்கு 182 என்று முன்னது வெகுவாக விஞ்சியிருக்க வேண்டும்; 5 ஆண்டு முடிவோ இரண்டிலும் 84 சதவீதமே. இதற்கு விகிதம் 3 என்பதே ஒத்துவருகிறது.

'சிப்' ஆய்வில் பெரும்பாலோர் சில மாதங்கள் ஹார்மோன் சிகிச்சையும் பெற்றார்கள்; தந்தைக்கு அது தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மலம், சிறுநீர் கழிப்பதில் வரும் தொந்தரவு மாமாவுக்கு 7, 8ஆம் வாரத்தில் உச்சத்தை எட்டியிருக்கும்; இந்த முறையில் 4, 5ஆம் வாரத்திலேயே எட்டிவிடும். அப்போது பதற வேண்டாம், ஆனால் மருத்துவரிடம் சொல்லத் தயங்கவும் வேண்டாம்.