நோய்த் தணிப்புச் சிகிச்சையில் (கடும் நோயின் தொல்லைகளைக் குறைக்கும் சிகிச்சை) 'நோயாளி சொல்லும் வாழ்க்கைத் தரம்' என்றால் என்ன?

வலி, மூச்சு, பசி, மனக்கலக்கம் எல்லாம் இன்று எப்படி என்று நோயாளியே சொல்லும் அளவுதான் இது. 1991இல் கனடாவில் வெளியான எட்மன்டன் படிவம் நல்ல உதாரணம்: ஒவ்வொரு தொல்லைக்கும் 0 முதல் 10 வரை ஒரு எண். 0 என்றால் தொல்லையே இல்லை.

ஏன் அவரிடமே கேட்க வேண்டும்? இங்கே நோக்கம் இருக்கும் நாட்களை நிம்மதியாக்குவது. அந்த நிம்மதி ரத்தப் பரிசோதனையில் தெரியாது. வெந்நீரின் சூட்டை ஊற்றுகிறவர் சொல்ல முடியுமா? மேலில் படுகிறவர்தான் சொல்ல வேண்டும். கண்ணை மூடி அமைதியாகப் படுத்திருப்பவரிடம் வலியைக் கேட்டால், மெதுவாக எட்டு விரல்களைக் காட்டலாம். பக்கத்திலேயே இருக்கும் மகளுக்குக்கூட அது தெரிந்திருக்காது. அந்த எட்டு மறுநாள் நான்காகிறதா என்று பார்த்து மருந்தை மாற்றுவார்கள்.

அப்புறம், இது நோயாளிக்கு வைக்கும் பரீட்சை அல்ல. 'டாக்டர் வருத்தப்படுவார்' என்று எண்ணைக் குறைத்துச் சொன்னால், கிடைக்க வேண்டிய மருந்துதான் குறைந்துபோகும்.