அலமாரியில் இருந்ததை எடுத்தால் போதுமா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள டீச்சர்,

எலும்பு ஆபரேஷனுக்கான பிளேட், ஸ்க்ரூ, செயற்கை மூட்டு விற்கும் ஒரு டீலரிடம் நாகர்கோவிலில் வேலை பார்க்கிறேன். களியக்காவிளை வரை உள்ள ஆஸ்பத்திரிகளுக்கு செட் கொண்டுபோவது நான்தான். தியேட்டருக்குள் நின்று டாக்டர் கேட்கும் அளவை எடுத்துக் கொடுப்பதும் உண்டு.

போன மாதம் கம்பெனியிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. தொடை எலும்புக்கான ஒரு பிளேட்டில் இரண்டு லாட் நம்பர்களை (ஒரே தடவையில் தயாரித்த தொகுதிக்கு உள்ள எண்) உடனே திருப்பி அனுப்ப வேண்டும். காரணம் என்ற இடத்தில் 'தரம் சார்ந்தது' என்று மட்டும் இருந்தது. எல்லா ஆஸ்பத்திரிக்கும் போய் எடுத்துக் கட்டி அனுப்பிவிட்டேன். ஏற்கெனவே பொருத்தியவர்களுக்கு என்ன சொல்வது என்று ஏரியா மேனேஜரிடம் கேட்டேன். "அதை டாக்டர் பார்த்துக்குவார், நம்ம வேலை ஸ்டாக்கை எடுக்கிறது" என்றார். ஒரு டாக்டரிடம் கேட்டால், "எனக்குக் கம்பெனி ஒன்றும் எழுதவில்லையே" என்கிறார். இப்போது பழைய ஸ்டிக்கர் ஏட்டையும் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பச் சொல்கிறார்கள். யாருக்கு எந்த லாட் போனது என்பது அதில்தான் இருக்கிறது.

எனக்கு இரண்டு பிள்ளைகள், வீட்டுக் கடன் வேறு. சரக்கைத் திரும்ப எடுத்தாயிற்று, செய்ய வேண்டியதைச் செய்தாயிற்று என்று இருந்துவிடலாமா? பெரிய கம்பெனிகளும் இப்படித்தானே செய்கின்றன?

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

இருந்துவிடக் கூடாது. நீங்கள் எடுத்து அனுப்பியது யாருக்கும் பொருத்தப்படாத பிளேட்டுகளை. அவற்றால் ஒருவருக்கும் ஆபத்தில்லை. பொருத்தப்பட்ட பிளேட்டுகள் இந்த நேரம் யாருடைய தொடைக்குள்ளோ அவர் எடையைத் தாங்கிக்கொண்டிருக்கின்றன. அவர்களுக்கு ஒரு வரி போய்ச் சேராதவரை கம்பெனி செய்திருப்பது தன் சரக்கைக் காப்பாற்றிக்கொண்டது மட்டும்தான். (உங்களை அடையாளம் காண முடியாதபடி கடிதத்தில் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

பெரிய கம்பெனிகளும் இப்படித்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரே குழுமம் இரண்டு தடவை நடந்துகொண்டதைச் சொல்கிறேன்.

1982-இல் அமெரிக்காவின் சிகாகோ பகுதியில் டைலனால் என்ற வலி மாத்திரை சாப்பிட்ட ஏழு பேர் இறந்தார்கள். குப்பிகளில் யாரோ சயனைடு கலந்திருந்தார்கள். அதைத் தயாரித்த ஜான்சன் அண்ட் ஜான்சன், நாடு முழுவதும் கடைகளில் இருந்த சுமார் 3.1 கோடி குப்பிகளைத் திரும்ப எடுத்தது. பத்துக் கோடி டாலருக்கு மேல் செலவு. தொலைக்காட்சியில் வந்து மக்களை எச்சரித்தார்கள். எங்கள் முதல் பொறுப்பு எங்கள் பொருளைப் பயன்படுத்துகிறவர்களுக்கு, பங்குதாரர்களுக்குக் கடைசியில்தான் என்று 1943-லேயே எழுதிவைத்த கொள்கை அறிக்கை ஒன்று அந்த நிறுவனத்துக்கு உண்டு. மேலாண்மைப் படிப்பில் இன்றும் நிறுவன அறம் என்றால் டைலனால் கதையைத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். அது நல்ல காரியம்தான், சந்தேகமில்லை. ஆனால் அங்கே தவறு வெளியாள் செய்தது. பொருளும் கடையில் இருந்தது, கை நீட்டி எடுக்க முடிந்தது.

அடுத்தது அதே குழுமத்தைச் சேர்ந்த டிப்யூ நிறுவனத்தின் ஏஎஸ்ஆர் என்ற செயற்கை இடுப்பு மூட்டு. பந்தும் கிண்ணமும் இரண்டுமே கோபால்ட்-குரோமியம் கலந்த உலோகம். கிண்ணத்தின் ஆழத்தைக் குறைத்து வடிவமைத்திருந்தார்கள். அதனால் பந்து கிண்ணத்தின் விளிம்பில் உரசி, நுண்ணிய உலோகத் துகள் சதைக்குள்ளும் ரத்தத்துக்குள்ளும் போனது. சுற்றியுள்ள திசு செத்தது, எலும்பு அரித்தது. கோபால்ட் ரத்தத்தில் ஏறினால் காது, கண், இதயம் வரை பாதிக்கும். அமெரிக்காவில் 2005-இல் அனுமதி கிடைத்தபோது மனிதரில் தனியாகச் சோதனை நடத்தவில்லை. ஏற்கெனவே சந்தையில் இருக்கும் மூட்டுகளைப் போன்றதுதான் என்று காட்டினால் போதும் என்ற வழியில் அது நுழைந்தது.

ஆஸ்திரேலியாவில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சைகளுக்கு ஒரு தேசியப் பதிவேடு இருக்கிறது. இந்த மூட்டு அளவுக்கு மேல் தோற்கிறது என்று 2007-லேயே அது காட்டிக்கொடுத்தது. 2009 டிசம்பரில் அந்த நாட்டில் மட்டும் கம்பெனி மூட்டைத் திரும்பப் பெற்றது. மற்ற நாடுகளில் சொன்ன காரணம், விற்பனை குறைந்துவிட்டது, அதனால் படிப்படியாக நிறுத்துகிறோம் என்பது. உங்கள் சுற்றறிக்கையின் 'தரம் சார்ந்தது' என்ற வரியைப் படித்ததும் எனக்கு நினைவு வந்தது இதுதான். உலகம் முழுவதும் திரும்பப் பெறுவதாக அறிவித்தது 2010 ஆகஸ்ட் 24-இல். அதற்குள் சுமார் 93,000 பேருக்குப் பொருத்தியாகிவிட்டது. பிரிட்டன் பதிவேட்டின் கணக்குப்படி ஐந்தே ஆண்டில் ஏறக்குறைய எட்டுப் பேரில் ஒருவருக்கு மறுபடி அறுவை தேவைப்பட்டது.

ஒரு மூட்டு தோற்பதை மட்டும் வைத்து நான் யாரையும் குற்றம் சொல்லமாட்டேன். மனிதர் செய்யும் பொருள் தோற்கும். பொருத்திய பிறகுதான் தெரியவரும் குறைகளும் உண்டு. ஆனால் தெரியவந்த நாளுக்கும் நோயாளிக்குச் சொன்ன நாளுக்கும் நடுவில் ஓடிய காலம் இருக்கிறதே, அதற்கு மன்னிப்பே கிடையாது. சீக்கிரம் தெரிந்தால் ரத்தத்தில் கோபால்ட் அளவைப் பார்க்கலாம், ஸ்கேன் எடுக்கலாம், சதையும் எலும்பும் வீணாவதற்கு முன் மூட்டை மாற்றலாம். தாமதித்தால் புதிய மூட்டைப் பிடித்துக்கொள்ள எலும்பே மிஞ்சாது.

நம் நாட்டுக் கதைதான் மனதை அறுக்கிறது. இங்கே சுமார் 4,700 அறுவைகள் நடந்திருந்தன. 2017-இல் மத்திய சுகாதார அமைச்சகம் அமைத்த நிபுணர் குழு விசாரித்தபோது அவர்களில் சுமார் 3,600 பேர் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை. அமெரிக்காவில் 2013-லேயே ஏறக்குறைய 8,000 பேருக்காக 250 கோடி டாலர் அளவில் ஒரு தீர்வு வந்துவிட்டது. இங்கே 2018-இல்தான் அரசு 30 லட்சம் முதல் 1.23 கோடி ரூபாய் வரை இழப்பீடு என்று கணக்கு வகுத்தது. அதை எதிர்த்து நிறுவனம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2019-இல் 67 பேருக்குத் தலா 25 லட்சம் தருவதாக ஒப்புக்கொண்டது. தொகையைப் பற்றி ஊடகங்கள் நிறைய எழுதின. எனக்கு அந்த 3,600 பேர்தான் பெரிய விஷயம். பெயர் தெரியாதவருக்கு யார் எப்படி இழப்பீடு கொடுப்பது? வலி வந்தால் 'வயசாகுதுல்லா' என்று தைலம் தேய்த்துக்கொண்டு எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

இந்த மாவட்டத்தில் நிலைமை வேறல்ல. அருமனைப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போகும் ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். பைக்கிலிருந்து விழுந்து தொடை முறிந்து பிளேட் வைத்தவர். டிஸ்சார்ஜ் தாளைத் துணிக்கடைப் பையில் பத்திரமாக மடித்து வைத்திருக்கிறார். கேட்டபோது எடுத்துக் காட்டினார். பிளேட், ஸ்க்ரூ போட்டது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. எந்தக் கம்பெனி, எந்த லாட் என்று ஒன்றுமில்லை. "நல்ல கம்பியாக்கும் வச்சிருக்குன்னு டாக்டர் சொன்னாரு டீச்சர்" என்றார். விடிவதற்கு முன்னால் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மழையில் வழுக்கும் சரிவில் ஏறி இறங்குகிறவர் அவர். உள்ளே இருப்பது முறியக்கூடும் என்று முன்கூட்டித் தெரிந்தால் சரிவான தோட்டத்துக்குப் போகாமல் இருக்கலாம், ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கலாம். தெரியாவிட்டால் சரிவில் கால் மடங்கும்போதுதான் தெரியும்.

இம்பிளாண்ட் (உடலுக்குள் பொருத்தும் பிளேட், மூட்டு) டப்பாவுக்குள் லாட் நம்பர் அச்சிட்ட நான்கைந்து ஸ்டிக்கர் இருக்கும் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஒன்று கேஸ் ஷீட்டில், ஒன்று பில்லோடு, ஒன்று உங்கள் ஏட்டில். மிச்சமிருப்பதில் ஒன்றை நோயாளியின் டிஸ்சார்ஜ் தாளில் ஒட்டிக் கொடுக்க என்ன செலவு? ஒரு பைசா ஆகாது. நம் ஊரில் வாஷிங் மெஷினுக்கு வாரண்டி கார்டு வாங்காமல் யாரும் கடையை விட்டு இறங்குவதில்லை.

பொறுப்போடு செய்ய முடியாதா என்றால், முடியும். எல்லையைத் தாண்டினால் திருவனந்தபுரம். நெஞ்சு வலி என்றால் நம் ஆட்கள் ஓடும் ஸ்ரீசித்ரா நிலையத்தில்தான் டாக்டர் எம்.எஸ். வலியத்தானின் தலைமையில் இந்தியாவின் செயற்கை இதய வால்வு உருவானது. முதல் மாதிரிகள் தோற்றன. ஒன்றில் நீலமணிப் படிகத்தாலான தட்டு விலங்குச் சோதனையிலேயே உடைந்தது. ஆண்டுக்கணக்கில் செய்த வேலையை ஓரம் வைத்துவிட்டு வேறு பொருளில் தட்டு செய்தார்கள். 1990 டிசம்பரில்தான் முதல் மனிதருக்குப் பொருத்தினார்கள்.

இனி உங்கள் காரியம். சட்டம் உங்கள் மேனேஜர் சொல்வதுபோல் இல்லை. 2017-இன் மருத்துவக் கருவி விதிகளின்படி, ஒரு கருவியால் நோயாளிக்கு ஆபத்து வரலாம் என்று தெரிந்தால் கம்பெனி உடனே திரும்பப் பெறவும் வேண்டும், காரணத்தைச் சொல்லி அரசுக்குத் தெரிவிக்கவும் வேண்டும். 2019-இன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தயாரிப்பாளருக்கு மட்டுமல்ல, விற்பவருக்கும் பொறுப்பு உண்டு. தயாரிப்பாளர் தந்த எச்சரிக்கையை வாங்கியவருக்குக் கடத்தாமல் விட்டால் விற்றவர் மேலும் வழக்கு வரும். உங்கள் முதலாளிக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். அவருக்கே பயம் வரட்டும், தப்பில்லை.

முதலில், பொருத்தப்பட்ட நோயாளிகளுக்கு யார், எப்போது தெரிவிக்கிறார்கள் என்று கம்பெனியிடம் மெயிலில் கேளுங்கள். போனில் வேண்டாம். பதில் எழுத்தில் வரட்டும், வராமல் போனதும் பதிவாகட்டும். ஏட்டை அனுப்பத்தான் வேண்டுமென்றால் முதலாளிக்குத் தெரிந்தே ஒரு நகல் கடையில் இருக்கட்டும். பிறகு ஒவ்வொரு டாக்டருக்கும் அவரவர் நோயாளிகளின் பட்டியலை மட்டும் லாட் நம்பரோடு டீலரின் கடிதத்தாளில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். நீங்களே நோயாளிகளைக் கூப்பிட்டுச் சொல்லாதீர்கள். பீதி பரவும். எல்லாப் பிளேட்டும் முறியப்போவதில்லை. எதைக் கவனிக்க வேண்டும், எதை விட்டுவிடலாம் என்று டாக்டர்தான் சொல்ல முடியும். யாருக்காவது பிளேட் முறிந்திருந்தால் மருத்துவக் கருவிகளின் பாதிப்பைப் பதிவுசெய்யும் மத்திய அரசுத் திட்டம் 2015 முதல் இருக்கிறது. டாக்டர்தான் என்றில்லை, நர்ஸோ நோயாளியோகூட அதற்கு எழுதலாம்.

வேலை போய்விடுமோ என்ற பயத்தை நான் சின்னதாக நினைக்கவில்லை. தனியார் ஊழியரைக் காப்பாற்றும் சட்டம் இங்கே பலமாக இல்லை. அதனால்தான் தனியாளாகக் கிளம்ப வேண்டாம், முதலாளியையும் டாக்டர்களையும் எழுத்தில் உள்ளே இழுங்கள் என்கிறேன்.

பட்டியலில் பாறசாலை, நெய்யாற்றின்கரைக்காரர்களும் இருப்பார்கள். இந்தப் பக்கம் வந்து ஆபரேஷன் செய்துகொண்டு போனவர்களை விட்டுவிடாதீர்கள். அவர்களுக்கு டாக்டர் அனுப்பும் கடிதம் மலையாளத்தில் இருந்தால் நல்லது. எழுதித் தர ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள், நானே எழுதித் தருகிறேன்.

அன்புடன்,
டீச்சர்